அந்த 1492-ஐ எதுக்குலே தொட்ட?

ஏல மக்கா, நேத்து ராத்திரி மோடத்தக் குத்திக்கிட்டு முழிச்சிருந்தியாமே? ஒங்கம்மா சொல்லுதா. கூப்புட்டதுக்கு, "இரும்மா, எம்டியு மாத்திக்கிட்டு இருக்கேன்"னு பதில் வந்துச்சாம். அவ பாவம், எம்டியுன்னா ஏதோ கவர்மென்ட்டு பதவின்னு நெனச்சு தெருவுல நாலு பேர்ட்ட சொல்லிட்டா. இப்ப அவனுக எங்கிட்ட வந்து, "உள்ளதா தாத்தா?"ன்னு கேக்கானுக. நான் என்னத்தச் சொல்ல?

என்னலே மாத்துன? 1492-னு இருந்தத 1400-னு மாத்துனியா? ஏன் 1400? ஏன் 1399 இல்ல? ஏன் 1401 இல்ல? வீடியோவுல ஒருத்தன் சொன்னான்னு மட்டும் சொல்லாத. அவன் மோடம் வேற, ஒன் மோடம் வேற. அவன் வீட்டு லைன் போற வழி வேற, நம்ம ஊரு லைன் போற வழி வேற. அவன் சட்டை ஒனக்கு சேருமான்னு கேட்டா மட்டும் மொறைக்க. எண்ண மட்டும் அப்படியே எடுத்துப் போட்டுக்கிடுவியோ?

மாத்துனதும் வேகம் கூடிச்சாம். எத்தன மணிக்குலே மாத்துன? கோழி கூவப் போற நேரத்துல. ஊரே தூங்குது. எந்த வீட்டுலயும் படம் ஓடல, எவனும் ரீல்ஸ் தள்ளல. அந்நேரம் மோடத்துக்கு முன்னால தேங்கா ஒடச்சிருந்தாலும் வேகம் கூடத்தான் செஞ்சிருக்கும். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு. நீ அந்தக் காக்காயப் புடிச்சு வச்சுக்கிட்டு, ஊரு பனங்காட்டுக்கெல்லாம் வாடகைக்கு விடப் பாக்க.

"ஒனக்கு என்ன தாத்தா தெரியும்?"னு மொகம் கேக்கு. கேக்கட்டும். நான் டெலிபோன் கம்பத்துல ஏறுனவன்லே. ரெண்டு செம்புக் கம்பியில ஊரையே பேச வச்சவன். மழை பெஞ்சா எந்த ஜாயின்ட்டுல எரைச்சல் வருதுன்னு ரிசீவரக் காதுல வச்சே சொல்லுவேன். பொறவு அதே கம்பியிலதான் பிராட்பேண்டும் வந்துது. மோடத்த வீடு வீடாக் கொண்டு போய் மாட்டுனதும் நாங்கதான். அந்த எண்ணத் தொடணும்னு எங்களுக்குத் தோணுனதே இல்ல. நீ மாட்டுன மறுநாளே தொடுத.

அது என்ன எண்ணுன்னாவது தெரியுமா? நீ ஒரு போட்டோ அனுப்புனா அது முழுசா ஒண்ணாப் போகாது. துண்டு துண்டாத்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பேரு பாக்கெட்டு. ஒரு பாக்கெட்டு அதிகபட்சம் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு ஒரு வரம்பு உண்டு. அதான் எம்டியு. அது வேகம் இல்ல, கேட்டியா? அளவு. ஒன் கால் செருப்பு எட்டாம் நம்பரா ஒம்போதாம் நம்பரான்னு கேட்டா, நீ எவ்வளவு வேகமா ஓடுவன்னு அதுல தெரியுமா?

1500-ங்கிறதுதான் மூலம். 1980-ல டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ்னு மூணு கம்பெனிக்காரங்க கூடி உக்காந்து ஈதர்நெட்டுக்குச் சட்டம் எழுதுனாங்க. செகண்டுக்கு ஒரு கோடி பிட்டு போற ஒயரு. ஒரே ஒயர்ல பல கம்ப்யூட்டரு தொங்கும். ஒருத்தன் பேசுதப்ப மத்தவன் வாய மூடிக்கிட்டு இருக்கணும். ஒருத்தனே நீட்டி முழக்குனா அடுத்தவன் கதி என்ன? அதோட அன்னைக்கு மெமரி சிப்பு வாங்கணும்னா கையக் கடிக்கும். பாக்கெட்டு பெருசானா அத வாங்கி வைக்க எடமும் பெருசா வேணும். எடத்துக்குத் துட்டு யாரு குடுப்பா? எல்லாம் கூட்டிக் கழிச்சு 1500 பைட்டுல நிறுத்துனாங்க. அந்த ஒயர்ல அது கடந்து போக 1.2 மில்லி செகண்டு. இன்னைக்கு ஒயரு நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வேகமாயாச்சு. 1500 மட்டும் அசையாம கெடக்கு. மாத்தணும்னா வழியில இருக்க எல்லாருமா சேந்து மாத்தணும்லா? நம்ம தெருவுல சாக்கடை வெட்டவே ரெண்டு வீட்டுக்காரன் ஒத்துக்கிட மாட்டேங்கான். ஒலகம் ஒத்துக்கிடுமாக்கும்.

அப்ப அந்த எட்டு எங்க போச்சு? நல்ல கேள்வி. நீ கேட்டிருக்கணும், நீ கேக்கல.

டயல்-அப் காலத்துல யூசர் பேரு, பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ள போகணும். எவன் வந்தான், எம்புட்டு நேரம் இருந்தான், எவனுக்கு எவ்வளவு பில்லு, எல்லாம் கணக்கு சுத்தம். பிராட்பேண்டு வந்தப்ப கம்பெனிக்காரனுகளுக்கு அந்தக் கணக்க விட மனசு வரல. 1999-ல பிபிபிஓஇ-ன்னு ஒரு ஏற்பாடு வந்துது. டயல்-அப்ல இருந்த வாசப்படியக் கொண்டு வந்து ஈதர்நெட்டு மேல நட்டாங்க. அதுக்கு ஒவ்வொரு பாக்கெட்டுலயும் 8 பைட்டு புடித்தம். 1500-ல 8 போனா 1492. ஆக, ஒன் மோடத்துல இருந்தது வேகத்துக்குன்னு எவனும் தவம் இருந்து கண்டுபிடிச்ச எண் இல்லலே. கணக்குப்புள்ள கூலி போக மிச்சம். சில பைபர் கனெக்சன்ல யூசர் பேரு, பாஸ்வேர்டு சோலியே கெடையாது. அங்கன 1500-ஏ இருக்கும். பிபிபிஓஇ-லயும் அந்த எட்டத் திருப்பி வாங்க 2006-ல ஒரு வழி எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு பக்கத்து மெஷினும் ஒத்துக்கிட்டாத்தான் நடக்கும்.

1492-ல கொலம்பஸ் கப்பல் ஏறுனான்னு பள்ளிக்கொடத்துல படிச்சிருப்ப. கெழக்க இருக்க சீமையத் தேடிக் கெளம்புனவன் வேற எங்கயோ போய் எறங்குனான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. ஆனா இருக்குன்னு எவனாவது வீடியோ போட்டா மொத லைக்கு ஒன்னோடதுதான்.

இப்ப வைக்கோல் லாரிய நெனச்சுக்க. அறுப்பு முடிஞ்சா நம்ம ரோட்டுல போகும்லா, லாரி எது, வைக்கோல் எதுன்னு தெரியாம? போற வழியில ரயில்வே சுரங்கப்பாதை. வாசல்ல குறுக்க இரும்புக் கம்பி போட்டிருப்பான், இந்த ஒசரத்துக்கு மேல வராதேன்னு. லோடு அதுக்குள்ள அடங்குனா லாரி போயிரும். அடங்கலன்னா? எறக்கி ரெண்டு லோடாப் பிரிச்சு அனுப்பலாம். கூலி ஆகும், நேரம் ஆகும், ஆனா சரக்கு போய்ச் சேரும். லாரி நெத்தியில "பிரிக்காதே"ன்னு எழுதி ஒட்டியிருந்தா? அப்ப வாசல்ல நிக்கவன் சரக்கு மொதலாளிக்குச் சேதி சொல்லி விடணும்: "அய்யா, இந்த ஒசரம் இங்கன தாங்காது. கொறச்சுக் கட்டி அனுப்புங்க." அவரு கொறச்சுக் கட்டி அனுப்புவாரு. தீந்துது.

நீ என்ன செஞ்ச? கம்பி எந்த ஒசரத்துல இருக்குன்னு போய்ப் பாக்கல. லோடக் கொறச்சாலே லாரி பறக்கும்னு நெனச்ச. லோடக் கொறச்சா நடை கூடும்லே, கோட்டிக்காரா. நடைக்கு நடை டிரைவருக்குப் படி உண்டுலா? ஒவ்வொரு பாக்கெட்டுலயும் எங்க இருந்து எங்க போகுதுன்னு எழுத 40 பைட்டு செலவு. ஐபிக்கு 20, டிசிபிக்கு 20. 1492-ல 40 போனா சரக்கு 1452. நூறு ரூவாய்க்கு 97 ரூவா 32 காசு சரக்கு. நீ வச்ச 1400-ல 97 ரூவா 14 காசு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து 18 காசு நட்டம் பண்ணியிருக்க. பரவால்ல, சின்ன நட்டம். கீழத்தெருவுல ஒன் கூட்டாளி 576 போட்டிருக்கானாம். அவன் 93 ரூவாய்க்கு எறங்கிட்டான். அதுலயும் ஐபிவி6 ஓடணும்னா 1280-க்குக் கொறையாம இருக்கணும். அது அவன் வீட்டுல படுத்தே கெடக்கும். அவன் அதுக்கும் ஒரு வீடியோ தேடிக்கிட்டு இருப்பான்.

சின்னதா வச்சா நல்லதுங்கிற பேச்சு பொய்யின்னு நான் சொல்லல. பழசுன்னு சொல்லுதேன். 1995 ஆகஸ்ட் 15-ல விஎஸ்என்எல் பொதுசனத்துக்கு இன்டர்நெட்டத் தொறந்து விட்டுச்சு. டெலிபோன் லைன்ல டயல் பண்ணணும். மோடம் கிய்யி, கொர்ருன்னு கத்தும். வீட்டுல எவனாவது போன எடுத்தா அறுந்து போகும். 28.8 கிலோபிட் மோடம்னா அன்னைக்குப் பெரிய மனுசன். அதுல 1500 பைட்டுப் பாக்கெட்டு ஒண்ணு போய் முடிய 0.4 செகண்டுக்கு மேல ஆகும். அது போற வரைக்கும் நீ தட்டுன எழுத்து பின்னால நிக்கும். அத 576-ஆக் கொறச்சா 0.16 செகண்டுல வழி விட்டுரும். அந்த 576-ம் ஆகாசத்துல இருந்து விழல. அந்த அளவு வந்தா எந்தக் கம்ப்யூட்டரும் வாங்கிக்கிட்டே ஆகணும்னு 1981-லயே ஐபி சட்டத்துல இருக்கு. அன்னைக்கு விண்டோஸுக்குள்ள பூந்து 576 போட்டவன் விவரக்காரன். நான் கும்புடுதேன்.

இன்னைக்கு ஒன் லைன் 100 எம்பிபிஎஸ். அதே 1500 பைட்டு கடக்க 0.12 மில்லி செகண்டு. நீ கண்ண ஒருக்கா மூடித் தொறக்கதுக்குள்ள நூத்துக்கணக்குல போயிருக்கும். யாருக்கு வழி விடுதக்காகலே கொறச்ச? சீக்கு போய் எத்தனையோ வருசம் ஆச்சு. கசாயத்த மட்டும் விடாமக் குடிக்க.

கேமுக்காக மாத்துனேங்க. அட, கேம்ல நீ அனுப்புற பாக்கெட்டு எம்புட்டுன்னு பாத்தியா? நான் ஓடுனேன், குனிஞ்சேன், சுட்டேன்னு சொல்ல நூறு, எறநூறு பைட்டு தாராளம். சைக்கிள்ல போறவன் சுரங்கப்பாதை ஒசரத்த அளந்துக்கிட்டு நிப்பானாலே? நீ சாவுதது பாக்கெட்டு பெருசா இருக்கதால இல்ல. எதிராளி ஒன்ன விட வெரசாச் சுடுதான். இல்லன்னா ஒந்தங்கச்சி பக்கத்து ரூம்ல இருந்து கலியாண வீடியோவ மேல ஏத்திக்கிட்டு இருக்கா. அவ ஏத்துறது வரிசையில முன்னால நிக்கு, நீ பின்னால நிக்க. அவகிட்டக் கெஞ்சு. எண்ணுகிட்டக் கெஞ்சாத.

இன்னொரு மந்திர எண்ணும் சுத்துது, 1478-னு. அதோட பொறப்பு வளப்பக் கேட்டா சிரிப்ப.

1980-கள் கடைசியில ஏடிஎம்னு ஒரு முறை வந்துது. துட்டு எடுக்கற ஏடிஎம் இல்லலே. பேச்சு, டேட்டா எல்லாத்தையும் ஒரே அளவுச் சின்னத் துண்டா நறுக்கி அனுப்புறது. துண்டு எம்புட்டு? ஐரோப்பாக்காரங்க 32 பைட்டுன்னாங்க. அமெரிக்காக்காரங்க 64-ன்னாங்க. காரணம் இருக்கு. துண்டு பெருசானா அது நெறைய வரைக்கும் பேச்சு காத்துக் கெடக்கணும். தாமதம் கூடுனா போன்ல ஒன் கொரலு ஒனக்கே திரும்பிக் கேக்கும். அத அடக்கத் தனியா மெஷின் வைக்கணும். பிரான்சு சின்ன தேசம், 32-ஆ இருந்தா அந்த மெஷின் இல்லாமலே ஒப்பேத்திரலாம். அமெரிக்கா அகல தேசம், அந்த மெஷின் எப்படியும் வேணும், பெரிய துண்டுதான் லாபம். சர்வதேசப் பஞ்சாயத்து கூடுச்சு. நீயும் அழாத, நீயும் அழாதன்னு நடுவுல கோடு போட்டு 48-னு தீர்ப்பு. தலைப்புக்கு 5 சேத்து 53. எந்தக் கணக்கு வாத்தியாரும் போட்ட எண் இல்ல. பெரிய பெரிய எஞ்சினியருக சேந்து செஞ்ச சமரசம்.

செம்புக் கம்பி ஏடிஎஸ்எல் அந்த 48-லதான் ஓடுச்சு. ஒரு வகைக் கனெக்சன்ல 1478-க்கு தலைப்பு, வாலு எல்லாம் சேத்தா 1488. 48-ஆல வகுத்தா 31, மிச்சம் கெடையாது. 1500-னு வச்சா 1510 ஆகும். 32 துண்டு வேணும், கடைசித் துண்டுல 26 பைட்டு காலியாப் போகும். அந்த வீண மிச்சம் பிடிக்கத்தான் 1478. கணக்கு சரியான கணக்கு. ஆனா அது செம்புக் கம்பிக்கு. ஒன் வீட்டுக்குள்ள வந்திருக்கது கண்ணாடி இழை. அதுல 48-ம் இல்ல, 53-ம் இல்ல. நீ எந்தத் துண்ட நெப்பப் போற?

நக்கல் போதும். அந்த எண்ணத் தொட்டே ஆக வேண்டிய சீக்கு ஒண்ணு நெசமாவே இருக்கு. அதோட கொணத்தக் கேட்டுக்க, நாளைக்கு ஒதவும்.

வாட்ஸ்அப்புல எழுத்து போகும், படம் போகாது. வெப்சைட்டுப் பேரு மேல வந்துரும், பக்கம் வெள்ளையா நிக்கும். மெயில் தொறக்கும், அட்டாச்மென்ட்டு ஏறாது. ஒரு சைட்டு பிச்சுக்கிட்டு ஓடும், இன்னொரு சைட்டு பேச்சு மூச்சில்லாமக் கெடக்கும். ஸ்பீட் டெஸ்ட் போட்டா எல்லாம் சரின்னு காட்டும். சின்னது போகுது, பெருசு போகல. இதான் அடையாளம். மொத்தமா எல்லாம் மெதுவா இருந்தா அது இந்தச் சீக்கு இல்ல. நல்லா மனசுல வச்சுக்க.

எதனால வருது? 1990-ல மோகல், டீரிங்குன்னு ரெண்டு பேரு ஒரு முறை எழுதுனாங்க. எல்லா லாரி நெத்தியிலயும் "பிரிக்காதே" ஒட்டிரு. எங்கயாவது இடிச்சா வாசல்காரன் சேதி அனுப்பட்டும். சேதி வந்தா கொறச்சுக் கட்டு. எளிமையான யோசனை. இப்ப நம்ம கம்ப்யூட்டருக செய்யுறதும் அதான். அந்தச் சேதிக்காரன் பேரு ஐசிஎம்பி. நீ பிங்கு பிங்குன்னு அடிக்கியே, அதுவும் அவன் குடும்பந்தான்.

இங்கதான் பெரிய ஆபீசு செக்யூரிட்டிப் புலிக வாறாங்க. கழுத்துல பட்டை, கையில சர்டிபிகேட்டு. எவனோ பிங் பண்ணி வேவு பாக்கான்னு சொல்லி, பயர்வால்ல ஐசிஎம்பி மொத்தத்தையும் அடச்சுப் போட்டாங்க. மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதை. கம்பி கம்பியாவே இருக்கு. லாரிய மறிக்கவும் செய்யுது. ஆனா சேதி சொல்லுதவன் வாயில துணிய வச்சு அடச்சாச்சு. லாரி போச்சா? போச்சு. சேந்துச்சா? சேரல. ஏன்? ஒரு பதிலும் வராது. மொதலாளி என்ன செய்வாரு? வழியில தொலஞ்சிருச்சு போலன்னு அதே லோட அதே ஒசரத்துல கட்டித் திருப்பி அனுப்புவாரு. அதுவும் காணாமப் போகும். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொண்ணு. இதுக்குக் கருந்துளைன்னு பேரு வச்சிருக்காங்க. வானத்துல இல்லலே. எவனோ ஒரு புலியோட ஏசி ரூமுல.

இப்படி அடைக்காதீங்கய்யான்னு 2000-லயே எழுதிச் சொல்லியாச்சு. கேட்டானுகளா? அவனுக படிச்சவனுக, எப்படிக் கேப்பானுக? ஐபிவி6-ல இது இன்னும் மோசம். அதுல வழியில இருக்கவன் லோடப் பிரிக்கவே கூடாது, அனுப்புதவன் மட்டும்தான் பிரிக்கலாம். சேதிக்காரன் வாய அங்கயும் அடச்சா வெளங்குன மாதிரிதான். எனக்கு ஒம்மேல கோவமே இல்ல மக்கா. நீ ஒன் வீட்டு எண்ண மட்டும் கெடுத்த. அவனுக ஊரா வீட்டு நெட்டையெல்லாம் கெடுத்துட்டு பிரமோசனும் வாங்கிட்டானுக.

பின்ன எப்படி நம்ம வீட்டுல எல்லாம் ஓடுதுன்னு கேட்டியா? ஒன் மோடம் ஒன்ன விடக் கெட்டிக்காரன். ரெண்டு கம்ப்யூட்டரும் பேச ஆரம்பிக்கப்பவே, நான் 1460 வரைக்கும் சரக்கு வாங்குவேன்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிடும். போற வழியில மோடம் அத நைசா 1452-னு திருத்தி விட்டுரும். அனுப்புதவனுக்கும் தெரியாது, வாங்குதவனுக்கும் தெரியாது. லோடு கட்டுறப்பவே அடக்கமாக் கட்டிருவானுக. டிசிபிக்கு மட்டும்தான் இந்தத் தில்லுமுல்லு செல்லும். ஆனா நீ பாக்க வெப்சைட்டுல ரொம்பவும் டிசிபிதான். ஒனக்குத் தெரியாமலே ஒனக்காக ஒருத்தன் வேலை பாத்துக்கிட்டு இருக்கான். நீ அவன் மண்டையத் தொறந்து நோண்டுத.

சரி, இன்னும் மனசு ஆறல. 1492-ஐத் திருப்பிப் போட்டுட்டு அளந்து பாத்துரு. அதுல தப்பில்ல. விண்டோஸ்ல கருப்புச் சன்னலத் தொற. பிங்குன்னு அடி. சின்னக் கோடு போட்டு எஃப். இன்னொரு கோடு போட்டு எல். பக்கத்துல 1472. கடைசியில ஒரு சைட்டுப் பேரு. எஃப்புன்னா "பிரிக்காதே". 1472 ஏன்னா, ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8, கூட்டுனா 1500. பாக்கெட்ட ஒடைக்கணும், ஆனா ஒடைக்காதன்னு போட்டிருக்குன்னு இங்கிலீசுல மொணங்கும். மொணங்குனா சந்தோசப்படு. சேதிக்காரன் உசுரோட இருக்கான். எண்ணப் பையக் கொற. 1464-ல பதில் வந்து 1465-ல மொணங்குனா, 1464-ஓட 28-ஐக் கூட்டு. என்ன வருது? 1492. கம்பெனிக்காரன் மொதல்லயே போட்டு வச்சது.

மொணங்கவும் இல்ல, பதிலும் இல்ல, சும்மா நிக்குன்னா அவசரப்படாத. சின்ன எண்ணாப் போட்டு அந்த சைட்டு பதில் சொல்லுதான்னு மொதல்ல பாரு. பிங்குக்கே வாயத் தொறக்காத சைட்டும் உண்டு. சின்னதுக்குப் பதில் வருது, பெருசுக்கு மட்டும் மௌனம்னா, வழியில ஒரு புலி உக்காந்திருக்கு. அப்பத்தான் கொறைக்கணும். பதில் வாற எண்ணக் கண்டுபிடிச்சு, 28-ஐக் கூட்டி, அத வைக்கணும். 1400-ஓ 1430-ஓ, அளந்தா என்ன வருதோ அது. வீடியோக்காரன் எண் இல்ல.

மேலத்தெருவுல ஒருத்தன் தலைகீழ். பெருசா வச்சாத்தான் கெத்துன்னு 9000 போடப் பாத்தானாம். ஜம்போ பிரேமாம். டேட்டா சென்டருக்குள்ள நடக்கும், அங்கன எல்லா மெஷினும் ஒருத்தன் கைக்குள்ள. வீட்டு வாசலத் தாண்டுனா 1500 கம்பிதான். மோடம் அந்த எண்ண வாங்கவே மாட்டேன்னுட்டுச்சாம். அவன் மோடம் சரியில்லன்னு புது மோடம் பாத்துக்கிட்டு இருக்கான்.

ஒன் வேகம் எங்க போச்சுன்னு கேளு, காட்டுதேன். மோர் குடிக்க வந்தன்னைக்கே பாத்தேன். மோடம் இரும்பு பீரோ மேல, செவத்தோட ஒட்டி. அதுக்கு முன்னால கலியாண ஆல்பம் ரெண்டு. தூசி படக்கூடாதுன்னு ஒங்கம்மா மேல ஒரு துண்டப் போட்டு போத்தி வச்சிருக்கா, சூடு வெளிய போக வழியில்லாம. நீ படுக்கது மூணாவது ரூம்பு. நடுவுல ஒங்க பாட்டன் கட்டுன ஒண்ணரை அடிக் கல்லுச் செவரு. அதத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வரணுமாக்கும்? 2.4 வேணா தட்டுத் தடுமாறி வரும், அதுலயும் பக்கத்து வீட்டு மோடமெல்லாம் கூடவே கத்திக்கிட்டு நிக்கும். இதுக்கெல்லாம் எம்டியு என்னலே செய்யும்?

அந்த மஞ்ச ஒயரு இன்னும் விசேசம். பீரோ கதவுல சிக்கி மடங்கிக் கெடக்கு. செம்புக் கம்பிய நாங்க எப்படி வேணும்னாலும் மடக்குவோம், முறுக்குவோம், பல்லால கடிச்சுத் தோல உரிப்போம். கண்ணாடி இழை அப்படி இல்ல. உள்ள ஓடுறது வெளிச்சம். நறுக்குன்னு மடக்குனா வளைவுலயே கசிஞ்சு போயிரும். இன்னும் ரெண்டு தடவ ஒங்கம்மா பீரோவச் சாத்துனா செவப்பு லைட்டு மின்னும், நீ எம்டியுவ 1300-க்கு எறக்குவ. மோடத்தக் கூடத்துக்குக் கொண்டா. ஒயர வட்டமா, தாராளமா விடு. நெசமா வேகம் பாக்கணும்னா லேப்டாப்ப ஒயர்ல சொருகிப் பாரு. ஒயர்ல வேகம் இருக்கு, காத்துல இல்லன்னா, செவத்தத் திட்டு.

வீட்டுல இருந்து கம்பெனி வேல பாக்கானே ஒன் சித்தப்பா மவன், அவனுக்கு மட்டும் கொஞ்சம் விசாரிக்கணும். அவன் விபிஎன் போடுதான். விபிஎன்னும் தன் பங்குக்கு ஒவ்வொரு லோடுக்கும் மேல படுதா போத்தும். வயர்கார்டுன்னா ஐபிவி6 வழியாப் போறப்ப 80 பைட்டு. 1500-ன்னு நெனச்சு அது 1420 வச்சுக்கிடும். வெளிய இருக்கது 1492. எட்டு பைட்டு இடிக்கும். அவன் 1412 வைக்கணும். எங்க வைக்கணும்? விபிஎன்னுக்குள்ள. மோடத்துல இல்ல. அந்தப் பய மூணு மாசமா மோடத்தப் போட்டு அடிச்சுக்கிட்டு இருக்கான். போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, நம்ப மாட்டான். வீடியோவுல பாத்தேன்னு சொல்லு.

நீ போய் 1492-ஐத் திருப்பிப் போடு. பின்னால இருக்க குட்டி ஓட்டையில மட்டும் ஊக்கக் கொண்டு குத்தாத. குத்துனா கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த யூசர் பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சு போகும். அந்தச் சீட்டு எங்க இருக்குன்னு தெரியுமா? தெரியாது. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த ஆண்டியா ஆயிருவ. அப்புறம் லைன்மேன் வரணும், அவன் வாறதுக்குள்ள ஐப்பசி வந்துரும்.

ஆமா, ஒண்ணு கேக்க மறந்தேன். அந்த செட்டிங்குப் பக்கத்துக்குள்ள எப்படி நொழஞ்ச? அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். அதானே? மோடத்துக்கு அடியில ஒட்டுன சீட்டுலயே அச்சடிச்சிருக்கு. தெருவுல எல்லா மோடத்துக்கும் அதான். ஒன் வைஃபை பாஸ்வேர்டு எதுத்த வீட்டுப் பயலுக்குத் தெரியும், அவன் மச்சானுக்கும் தெரியும். அவனுக உள்ள பூந்து எத வேணும்னாலும் திருப்பி விடலாம், நீ ஒக்காந்து பைட்டு எண்ணிக்கிட்டு இருப்ப. ராத்திரி முழுக்க அந்தப் பக்கத்துல கெடந்துருக்க, மாத்த வேண்டியது ஒண்ணு இருந்துச்சு, அத மட்டும் தொடல பாரு. போய் மாத்து. எங்கிட்டயும் சொல்லாத, நான் கேட்டாலும்.